வாப்பாவின் கடன் நோட்டு



ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப்புகள் நேராக்கப்பட்ட பின்னர், இமாம் தக்பீர் கட்டுவதற்கு முன்பாக, மய்யித்தின் வாரிசுகளில் ஒருவர் மக்களை நோக்கித் திரும்பி நின்று சில வார்த்தைகள் சொல்வது நம் ஊர்களின் வழக்கம். மர்ஹூம் யாருக்கேனும் கடன்பட்டிருந்தால் என்னிடம் கேளுங்கள். யாருடைய மனத்தையேனும் நோகச் செய்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ ஜனாஸாக்களில் பின்வரிசையில் நின்று இதைக் கேட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு, 2025 பிப்ரவரியில், ஷஅபான் மாதத்து அஸருக்குப் பின்னர் உடன்குடியில் அந்த வார்த்தைகளை நானே சொல்ல நேர்ந்தது. காக்கா தம்மாமிலிருந்து வந்து சேர முடியவில்லை.

சொல்லிவிட்டுத் திரும்பிய அந்தக் கணத்தில்தான் ஓர் உண்மை உறைத்தது. வாப்பாவுக்கு எவ்வளவு கடன் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. திருச்செந்தூரில் ஒரு நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கணக்கெழுதுபவன் நான். ஊரார் கணக்கைக் காசு சுத்தமாக முடித்துக் கொடுப்பவனுக்குத் தன் வீட்டுக் கணக்குத் தெரியவில்லை.

வாப்பா கருப்பட்டி வியாபாரி. உடன்குடிக் கருப்பட்டியைப் பற்றி இதை வாசிப்போருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புவிசார் குறியீடு வருவதற்கு வெகுகாலம் முன்பே கொழும்புவரை பேர் வாங்கிய சரக்கு அது. பதநீர் இறங்கும் கோடை மாதங்களில் வாங்கி இருப்பு வைத்து, மழைக்காலத்தில் விலை ஏறும்போது விற்பதுதான் அவருடைய தொழில் முறை. ஆகவே எங்கள் வீட்டின் சேமிப்பு ஒருபோதும் வங்கியில் இருந்ததில்லை. அது கிட்டங்கியில், சிப்பம் சிப்பமாக, ஈரக்காற்றுப் படாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. வட்டியில்லாமல் வளரும் பணம் என்று வாப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அது ஓரளவு உண்மையுங்கூட.

2023 டிசம்பர் 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கிய மழையை நம் பகுதியில் மறந்தவர் இருக்க முடியாது. மறுநாள் காலைவரையான இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர்; திருச்செந்தூரில் 69. தாமிரபரணி கரைமீறிப் பாய்ந்தது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுவிட்டது. எங்கள் கிட்டங்கிக்குள் முழங்காலளவு நீர். கருப்பட்டி நெல்லைப்போல நனைந்து பிறகு காயும் பொருளன்று. அது கரைந்துபோகும். நீர் வடிந்த பிறகு தரையில் பழுப்பு நிறத்தில் ஒரு பாகு மட்டும் எஞ்சியிருந்தது. எறும்புகளுக்கு ரிஸ்க் எங்கிருந்து வருகிறது பார் என்றார் வாப்பா. ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய்ச் சரக்கில் முக்கால் பங்கு போய்விட்டது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் எங்களுக்கும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்த மாதத்து அரிசிக்கும் மருந்துக்கும் அது உதவியது.

இரண்டு மாதங்கள் கழித்து வாப்பாவுக்கு நெஞ்சுவலி. திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். எல்லாம் சேர்த்து 2,65,000 ரூபாய். கையில் இருந்தது 70,000. உம்மாவின் நகையை ஈடாக வைத்துப் பைத்துல் மாலில் வட்டியில்லாக் கடனாக ஒரு லட்சம். மீதி 95,000 துபாயிலிருந்து என் மச்சான் அனுப்பியது. வாப்பா வீடு திரும்பினார். ஒரு வருடம் கூடவே இருந்தார். அந்த ஒரு வருடத்துக்கு விலை போட எனக்கு மனம் வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் உம்மா ஓர் ஓலைப்பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே நீளவாக்கில் மடித்த ஒரு பழைய கணக்கு நோட்டு. வாப்பா எனக்குத் தெரியாமல் ஒழுங்காக எழுதித்தான் வைத்திருந்தார். பைத்துல் மாலுக்கு மாதம் 5,000 வீதம் பன்னிரண்டு தவணை கட்டியது போக 40,000. மச்சானுக்கு 95,000. சென்னையில் ஒரு கடைக்காரரிடம் முன்பணமாக வாங்கி, வெள்ளத்தால் சரக்கு அனுப்ப முடியாமல் போன 55,000. கடைசியாக, ஒரு பனையேறியின் பெயருக்கு எதிரே 38,000. ஆக 2,28,000.

அந்தக் கடைசி வரியில்தான் நான் திகைத்துப் போனேன். வியாபாரி பனையேறிக்கு முன்பணம் கொடுப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். பனையேறி வியாபாரிக்குக் கடன் கொடுப்பதில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார். அறுபதைத் தாண்டியவர், நெஞ்சில் பனை உராய்ந்த தழும்பு. திண்ணையில் அமர்ந்தவர் பணத்தைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. நான்தான் கேட்டேன். வீட்டில் வைத்தால் செலவாகிவிடும் என்று பருவந்தோறும் மிஞ்சியதை வாப்பாவிடம் கொடுத்து வைத்தாராம். மகளின் கல்யாணத்துக்காக. “முதலாளிகிட்ட இருந்தா பத்திரம் தம்பி” என்றார். சீட்டில்லை, கையெழுத்தில்லை. வாப்பாதான் அவருக்கு வங்கி.

அமானிதமாக வைக்கப்பட்ட பொருள் வைத்திருப்பவரின் கவனக்குறைவின்றி அழிந்துவிட்டால் அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவரல்லர் என்பது ஃபிக்ஹில் அறியப்பட்ட சட்டம். வெள்ளத்தில் போனது போனதுதான் என்று சொல்லிவிட அங்கே ஒரு வாசல் இருந்ததாக ஷைத்தான் எனக்குக் காட்டினான் என்றே சொல்லவேண்டும். ஆனால் நோட்டில் வாப்பா எழுதியிருந்தது அமானிதம் என்றல்ல, கடன் என்று. அவருடைய சம்மதத்துடன் அந்தப் பணத்தைச் சரக்கில் போட்டிருந்தார். போட்ட கணத்திலேயே அது பொறுப்பேற்ற கடனாகிவிட்டது.

ஸுபைர் (ரலி) அவர்களின் வரலாறு அப்போது நினைவுக்கு வந்தது. புகாரியில் விரிவாக வருகிறது. மக்கள் தங்கள் பணத்தை அவர்களிடம் அமானிதமாகத் தர வரும்போது, அது தொலைந்துபோனால் கொடுத்தவருக்கு நட்டமாகுமே என்று அஞ்சி, அமானிதமாக வேண்டாம், கடனாகவே பெற்றுக்கொள்கிறேன் என்பார்கள். ஷஹீதானபோது அவ்வாறு சேர்ந்திருந்த கடன் இருபத்திரண்டு லட்சம். ரொக்கமாக எதுவும் இல்லை, நிலங்கள் இருந்தன. மகனார் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்றுக் கடனை அடைத்தார்கள். அதன் பின்னும் சொத்தைப் பங்கிடாமல், நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் நின்று, என் தந்தைக்குக் கடன் கொடுத்தவர் வரலாம் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். நாம் ஜனாஸாவில் அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கும் வாக்கியத்தை அவர்கள் நான்கு ஆண்டுகள் சொன்னார்கள்.

உம்மாவின் வளையல்களை விற்றோம். நகையை மீட்டு விற்றதில் பைத்துல் மால் கடனும் அடைந்தது. பனையேறியின் பணத்தை முதலில் கொடுத்தோம், அடுத்துச் சென்னைக் கடைக்காரருக்கு. மச்சான் தொலைபேசியில், அது கடனே அல்ல, மாமாவுக்கு நான் கொடுத்தது என்று சொல்லிவிட்டார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. நோட்டில் இல்லாத ஒருவரும் வந்தார். முட்டை விற்கும் மூதாட்டி, 4,000 ரூபாய் பாக்கி என்றார். நான் தயங்கினேன். உம்மா உள்ளேயிருந்தே, கொடுத்துவிடு, அவர் பொய் சொன்னால் அது அவருக்கும் ரப்புக்கும் இடையில் என்றார். வாப்பாவுக்கு வரவேண்டியதோ ஒன்பது பேரிடம் 1,10,000 ரூபாய். இதுவரை வந்தது 40,000. மீதியில் சில வரிகளை உம்மா தாமே அடித்துவிட்டார். சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுப்பதையும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் மேல் என்பதையும் அல்பகரா ஓதும் வீட்டில் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தச் சில மாதங்கள் முழுவதும் ஒரே கேள்வி என்னை விடாமல் துரத்தியது. வாப்பா செய்த தவறு என்ன? ஊதாரியா என்றால் இல்லை. வட்டியைத் தொட்டதில்லை. கடனை எழுதி வைத்தார். இருந்தும் ஒரு மழையும் ஒரு நெஞ்சுவலியும் அடுத்தடுத்து வந்ததில் உம்மாவின் கை வெறுங்கையானது.

சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில், அதுவும் தொழில் நடக்கும் அதே இடத்தில் வைத்ததுதான் முதல் பிழை என்று நினைக்கிறேன். யூஸுஃப் (அலை) அவர்கள் பஞ்சம் வரப்போகும் ஏழாண்டுகளுக்காகத் தானியத்தைக் கதிரோடு வைக்கச் சொன்னார்கள். கெடாமலிருக்கும் முறையையும் சேர்த்தே சொன்னார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. நபி (ஸல்) அவர்களும் தம் குடும்பத்தினருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததாக ஹதீஸ் உண்டு. சேமித்தால் தவக்குலுக்குக் குறைவு என்று எண்ணுவோருக்கு இதுவே போதும். இப்போது எங்கள் வீட்டில் ஆறு மாதச் செலவுக்கான தொகை தொழிலில் சேராமல் தனியே நிற்கிறது. ஒரு பகுதி வங்கியில் (ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம்வரை வைப்புக் காப்பீடு 2020 முதல் இருக்கிறது, சேரும் வட்டியை நன்மையை நாடாமல் தேவையுள்ளோருக்குக் கொடுத்துவிடுகிறோம்), ஒரு பகுதி நகையாக. அதைச் சேர்க்க எனக்குப் பதினோரு மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் வீட்டில் புதுத் துணி எடுக்கவில்லை, பெருநாளைத் தவிர.

இன்ஷூரன்ஸ் விஷயம் இவ்வளவு எளிதாக முடியவில்லை.

வாப்பா அதைச் சூதாட்டம் என்றே சொல்லிவந்தார். அவர் சொன்னதில் ஆதாரமில்லாமல் இல்லை. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான தவணை செலுத்தும் வணிகக் காப்பீட்டில் பெரும் கரர், அதாவது நிச்சயமின்மை, இருப்பதால் அது கூடாது என்றும், ஒருவருக்கொருவர் நன்கொடை அடிப்படையில் உதவும் கூட்டுறவுக் காப்பீடே மாற்று என்றும் தீர்மானித்தது. சூடானில் 1979லேயே அந்த வழியில் நிறுவனம் தோன்றிவிட்டது. மலேசியா 1984இல் தகாஃபுலுக்கென்று சட்டமே இயற்றியது. கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இருக்கிறது. நம் நாட்டில் இல்லை. ஆகவே ஜித்தா தீர்மானத்தின் முதற்பாதி நமக்கு வந்து சேர்ந்தது, பிற்பாதி சேரவில்லை. ‘கூடாது’ என்பதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் கழித்துவிட்டோம்.

ஆனால் எல்லாக் காப்பீட்டையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான் எங்கள் வீட்டின் அறியாமை. ராத்தா கணவரை இழந்தவர், தையல் வேலை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அவரிடம் இருந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம்வரை சிகிச்சை; தவணையை அரசே கட்டுகிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் பெயர் மாறித் தொடர்வது. பெயரில் ‘காப்பீடு’ என்ற சொல் இருப்பதாலேயே ராத்தா அந்த அட்டையைப் பல ஆண்டுகள் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டபோது, நீங்கள் எதையும் செலுத்தவில்லையே, அரசு ஏழைக்குச் செய்யும் உதவியை அரசு எந்தப் பெயரில் கொடுத்தால் என்ன என்றார்கள். சென்ற ஆண்டு பாளையங்கோட்டையில் ராத்தாவுக்கு நடந்த அறுவை சிகிச்சைக்கு நாங்கள் கொடுத்தது போக்குவரத்துச் செலவு மட்டுமே. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையுடன் ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்துக்குப் போகலாம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: எந்த மருத்துவமனையும் இந்தத் திட்டத்தில் இருக்கும் என்று எண்ணி ஆம்புலன்ஸில் ஏறாதீர்கள். உங்களுக்கு அருகில் எது இருக்கிறது என்பதை உடம்பு நன்றாக இருக்கும் நாளில் விசாரித்து வையுங்கள்.

சட்டம் கட்டாயப்படுத்துவதில் ஆலிம்களிடையே பெரிய விவாதமில்லை. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் சாலையில் இறங்க முடியாது. குடியேற்றச் சோதனை தேவைப்படும் கடவுச்சீட்டில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா கட்டாயம்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375, விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் பத்து லட்சம். காக்காவிடமும் அது இருந்திருக்கிறது. அவருக்கே தெரியாது. கேட்டபோது, ஏஜென்ட் ஏதோ காகிதம் கொடுத்தார் என்றார். நம் ஊரில் இந்தக் காகிதம் எத்தனை வீடுகளில், எந்தப் பெட்டியின் அடியில் கிடக்கிறதோ.

தனியார் மருத்துவக் காப்பீட்டில்தான் காக்காவும் நானும் இன்றுவரை ஒன்றுபடவில்லை. முதலில் தகாஃபுலின் மூலத்தை நாமே செய்து பார்ப்போம் என்று உறவினர் பதினான்கு வீடுகளாகச் சேர்ந்தோம். அஷ்அரீ குலத்தார் உணவு குறையும்போது எல்லோருடையதையும் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பகிர்ந்ததை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்களல்லவா, அதுதான் எங்கள் ஆதாரம். வீட்டுக்கு மாதம் 500. கொடுத்தவுடன் அது நன்கொடை, திரும்பக் கேட்கும் உரிமை இல்லை. மருத்துவமனையில் சேர்ந்தால் அதிகபட்சம் 40,000. 2025 ஷவ்வாலில் தொடங்கி ஒன்பது மாதங்களில் 63,000 சேர்ந்தது. ஒரு வீட்டுக்கு 40,000, இன்னொரு வீட்டுக்கு 15,000. மீதி எட்டாயிரம். வாப்பாவுக்கு வந்ததைப் போல ஒரு செலவு வந்திருந்தால் இந்த நிதி அதில் ஆறில் ஒரு பங்கைக்கூடத் தாங்கியிருக்காது.

கணக்கெழுதுபவன் என்பதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பதினான்கில் பத்து வீடுகள் உடன்குடியிலேயே இருப்பவை. நெஞ்சுவலி ஒரு நாளில் ஒரு வீட்டுக்குத்தான் வரும். வெள்ளம் பத்து வீட்டுக்கும் ஒன்றாக வரும். அன்று யார் யாருக்குக் கொடுப்பது? ஒரே மழையில் நனைகிறவர்கள் ஒருவருக்கொருவர் குடை பிடிக்க முடியாது. 2023இல் எங்களைத் தாங்கியது துபாயில் இருந்த மச்சான். அங்கே அன்று மழை இல்லை என்பதே காரணம். யோசித்தால், ஒரு பிள்ளை கொழும்பில், ஒரு பிள்ளை சென்னையில், ஒரு பிள்ளை அரபு நாட்டில் என்று நம் முன்னோர் வீட்டைப் பரப்பி வைத்ததும் இதனால்தானோ என்று தோன்றுகிறது. அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே. ஆகவே இந்த ஆண்டு பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும் உறவினர் ஆறு வீட்டாரைப் புதிதாகச் சேர்த்திருக்கிறோம்.

இருந்தும் பெரிய நோய்க்கு அது போதாது. ஆலிமிடம் மறுபடி போனேன். கூடாது என்போரின் ஆதாரங்களையும், மருத்துவச் செலவு தனி மனிதனின் சக்தியை மீறிவிட்ட இன்றைய நிலையில் தேவை கருதி அனுமதிப்போரின் ஆதாரங்களையும் இரண்டு மணி நேரம் விளக்கினார்கள். முதிர்வுத் தொகையும் போனஸும் தரும் ஆயுள் பாலிசிகளில் வட்டி நேரடியாகவே கலந்திருப்பதால் அதன் பக்கம் போகவேண்டாம் என்றார்கள். மருத்துவத்தில் உன் நிலையை நீ அறிவாய், அல்லாஹ்வை அஞ்சி முடிவெடு என்றார்கள். இஸ்திகாராத் தொழுதேன். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எனக்குமாக ஒரு மருத்துவ பாலிசி எடுத்தேன். இதை எழுதும்போதும் மனம் முழுதாக அமைதியடையவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. காக்கா தம் வீட்டுக்கு எடுக்க மறுத்துவிட்டார்; அதே தொகையை மாதந்தோறும் தனியாக ஒதுக்குகிறார். ஒரு வீட்டில் இரண்டு நிலைப்பாடு. சாப்பாடு ஒரே ஸஹனில்தான்.

உம்மாவுக்கு எடுக்கலாம் என்றால், வயது அறுபதைத் தாண்டியது, சர்க்கரையும் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்றாண்டுவரை காத்திருக்க வைக்க விதிகள் இடம் கொடுக்கின்றன. தவணையோ நாங்கள் தாங்கக்கூடியதாக இல்லை. ஆகவே உம்மாவின் பெயரில் சேமிப்பு மட்டுமே.

கடனைப் பற்றி ஒன்று. இல்லாமல் வாழ முடிந்தால் நலம். முடியாத நாள் வரும். நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய கவசம் வாற்கோதுமைக்காக ஈட்டில் இருந்தது. அப்படியொரு நாள் வரும்போது யாரிடம் போவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பது நல்லது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை குறித்துத் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே அழிந்துபோனதை நாம் கண்டோம். 2003லேயே தடைச் சட்டம் இருந்தும் நடந்தது அது. நெருக்கடி நேரத்தில் கதவைத் தட்டாமலே உள்ளே வரும் கடன் அதுதான். மஹல்லாவின் பைத்துல் மால் வெறும் நகைப்பெட்டியல்ல என்பது எனக்கு அன்று புரிந்தது. வாங்கிய தவணையைத் தவறாமல் கட்டுவதும் அங்கே அடுத்து வரப்போகும் ஒருவருக்கு நாம் செய்யும் உதவி. நாம் கட்டாத 5,000 இன்னொருவருக்குக் கிடைக்காத 5,000.

இப்போது எனக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. கொடுக்க வேண்டியது, வரவேண்டியது, பாலிசி எண், பைத்துல் மால் அட்டை, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம். வாப்பாவின் அதே ஓலைப்பெட்டியில். என் மனைவிக்கும் மூத்த மகளுக்கும் அதைப் படித்துக் காட்டினேன். மகள் பதினொன்றாம் வகுப்பு. கூட்டலில் ஒரு பிழை கண்டுபிடித்தாள்.

இந்தப் பருவத்தில் பதநீர் இறங்கத் தொடங்கிய பிறகு ஒரு மாலை அந்தப் பனையேறி மறுபடி வந்தார். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, இப்போது பேத்திக்காகவாம். மடியிலிருந்து 6,000 ரூபாயை எடுத்துத் திண்ணையில் வைத்தார். தபால் அலுவலகத்தில் கணக்குத் தொடங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் பிறகு தம்பி, இப்போதைக்கு வை என்றார். பக்கத்து வீட்டு மாமாவையும் தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவரையும் அழைத்து, இரண்டு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டோம். ஒன்றை அவரிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துக்கொண்டே, அந்த நோட்டு எங்கே இருக்கும் என்று கேட்டார். உள்ளே அழைத்துப் போய் ஓலைப்பெட்டியைக் காட்டினேன்.